காணாமல் போன 40 நிமிடங்கள்: ஜி.பி.எஸ் இடைஞ்சலை சிமுலேஷனில் அளப்பது எப்படி?

எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, லாரி ஓட்டுறார். ஊர் எங்க ஊர்தான், பொதட்டூர்பேட்டை. லோடு பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இருந்து. போன வருஷம் ஒரு நாள் அவரோட வண்டி டிராக்கர் மேப்ல 40 நிமிஷம் காணாமப் போச்சு. கடைசிப் புள்ளி கம்பெனி கேட்ல. அடுத்த புள்ளி சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில, சில கிலோமீட்டர் தள்ளி. நடுவுல ஒரே ஒரு நேர்கோடு.

டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல, "நீதான் ஒயரைப் பிடுங்கிட்டு எங்கயோ போயிருக்க" அப்படின்னு சொல்லி, அந்த டிரிப் பேட்டாவைப் பிடிச்சுக்கிட்டாங்க. மாமா சொன்னது வேற. வண்டி லோடிங் ஷெட்டுக்குள்ள நின்னுச்சாம், அவர் டீ குடிக்கக்கூட வெளியே போகலையாம்.

அன்னிக்கு ராத்திரி என்கிட்ட கேட்டார்: "இன்னா மாப்ள, எஞ்சினியரிங் படிக்கிறியே, இந்த டப்பா ஏன் பொய் சொல்லுது?"

எங்க ஃபைனல் இயர் புராஜெக்டே அப்போ இதுதான். சேட்டிலைட் நேவிகேஷன் சிக்னலுக்கு இடைஞ்சல் வந்தா ரிசீவர் எப்படி நடந்துக்கும்னு சிமுலேஷன்ல அளக்குறது. ஆனாலும் மாமாவுக்கு என்னால பதில் சொல்ல முடியல. ஸ்கூல்ல இருந்தே இங்கிலீஷ் மீடியம். ஃபார்முலா வாயில வருது, விளக்கம் வரல. அவருக்குப் புரியுற மாதிரி சொல்ல முயற்சி பண்ணப்போதான் என் சிமுலேஷன்ல இருந்த ஒரு பெரிய தப்பு எனக்கே தெரிஞ்சது. அந்தத் தப்பைத்தான் இந்தக் கட்டுரையில உங்களுக்குச் சொல்லப் போறேன். இ.சி.இ. படிக்காதவங்களும் தாராளமாப் படிக்கலாம். கூட்டல், வகுத்தல் தெரிஞ்சாப் போதும்.

1. சிக்னல் எவ்வளவு பலவீனமானது?

ஜி.பி.எஸ் சேட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. நம்ம போன், டிராக்கர் எல்லாம் வழக்கமாக் கேக்குற எல்1 சிக்னலோட அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அது தரைக்கு வந்து சேரும்போது அதோட பவர் சுமார் மைனஸ் 128.5 டி.பி.எம். இந்த எண்ணைத் தனியாப் பார்த்தா ஒண்ணும் புரியாது. பக்கத்துல இன்னொரு எண்ணை வைப்போம். அதே சிக்னல் அடங்குற 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல, எந்த ரிசீவர்லயும் வெப்பத்தால தானா இருக்குற நாய்ஸ் சுமார் மைனஸ் 111 டி.பி.எம்.

அதாவது, சிக்னல் நாய்ஸை விட 17 டெசிபெல் கீழே இருக்கு. நாய்ஸ் 50 பங்கு இருந்தா சிக்னல் ஒரு பங்குதான்.

அப்புறம் எப்படி வேலை செய்யுது? எங்க ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்றது சுலபம். விசைத்தறி ஓடுற வீட்டுக்குள்ள நின்னு பேசிப் பாருங்க. வெளியாளுக்கு ஒரு வார்த்தையும் கேக்காது. ஆனா அந்த வீட்டுலயே வளர்ந்த பசங்களுக்கு அம்மா கூப்பிடுறது கேக்கும். சத்தம் குறைஞ்சதால இல்ல. அந்தக் குரலோட வடிவம் அவங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனால. ஜி.பி.எஸ் ரிசீவர் பண்றதும் அதுதான். ஒவ்வொரு சேட்டிலைட்டுக்கும் 1023 சிப் நீளமுள்ள தனி கோட் ஒண்ணு இருக்கு. ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை அது திரும்பத் திரும்ப வரும். ரிசீவர் கிட்ட அதோட நகல் இருக்கு. வர்ற சத்தத்தோட அந்த நகலைப் பெருக்கிக் கூட்டும்போது சிக்னல் ஒண்ணா சேருது, நாய்ஸ் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது.

இந்தச் சிக்னல் எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்ற அளவுக்குப் பேர் சி பை என்-நாட். யூனிட் டெசிபெல்-ஹெர்ட்ஸ். திறந்த வானத்துக்குக் கீழே 45 வந்தா ரொம்ப நல்லது. சாதாரண ரிசீவர்ல 28 பக்கம் வந்துட்டா பிடி நழுவ ஆரம்பிக்கும். இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

2. இடைஞ்சல் வந்தா என்ன ஆகும்?

இடைஞ்சல் பவர், சிக்னல் பவரை விட எத்தனை மடங்குங்கிறதுக்குப் பேர் ஜே பை எஸ். இது தெரிஞ்சா, புது சி பை என்-நாட்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சூத்திரம் இருக்கு. எல்லாத்தையும் டெசிபெல்ல இருந்து சாதாரண எண்ணுக்கு மாத்திக்கணும். அப்புறம்:

1 ÷ (புது சி பை என்-நாட்) = 1 ÷ (பழைய சி பை என்-நாட்) + (ஜே பை எஸ்) ÷ (கியூ × சிப் வேகம்)

எல்1 கோடோட சிப் வேகம் செகண்டுக்கு 10,23,000. கியூ என்பது இடைஞ்சலோட வகையைப் பொறுத்து மாறுற எண். ஒரே அலைவரிசையில குவியுற குறுகின இடைஞ்சலுக்கு 1. ஆரம்பம் 45 டெசிபெல்-ஹெர்ட்ஸ்னு வச்சுக் கணக்குப் போட்டா:

- ஜே பை எஸ் 10 டெசிபெல்: 43.8
- ஜே பை எஸ் 20 டெசிபெல்: 38.9
- ஜே பை எஸ் 30 டெசிபெல்: 30.0
- ஜே பை எஸ் 40 டெசிபெல்: 20.1

முதல் வரியைப் பாருங்க. இடைஞ்சல் சிக்னலை விட 10 மடங்கு இருந்தும் ரிசீவருக்கு ஒண்ணுமே ஆகல. அந்த 1023 சிப் கோடோட பலம் அது. ஆனா 20-ஐத் தாண்டினதும் ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் கிட்டத்தட்ட முழு 10 இறங்குது. 32 டெசிபெல்ல 28-ஐத் தொட்டுடும். கொஞ்ச தூரம் சமதரை, அப்புறம் பள்ளம்.

அந்தப் பள்ளத்துல தள்ள எவ்வளவு பவர் வேணும்? வெறும் 10 மில்லிவாட் அனுப்புற ஒரு கருவி, கட்டடம் எதுவும் இல்லாத வெட்டவெளிக் கணக்குப்படி, 3.2 கிலோமீட்டர் தூரத்துல இருக்குற ரிசீவரை அந்த 28-க்குக் கொண்டு வந்துடும். நிஜத்துல சுவர், மரம், வண்டியோட பாடி எல்லாம் தடுக்கும். தூரம் நல்லாவே குறையும். இருந்தாலும் எண்ணோட அளவைப் புரிஞ்சுக்கோங்க.

இது கற்பனை இல்ல. 2012-ல அமெரிக்காவுல நியூவார்க் விமான நிலையத்துல, விமானங்களைத் தரையிறக்க உதவுற ஜி.பி.எஸ் அடிப்படையிலான சிஸ்டத்துக்கு இடைஞ்சல் வந்துச்சு. தேடிப் பார்த்தா, பக்கத்து ரோட்டுல ஒரு பிக்கப் வண்டி. முதலாளி வச்ச டிராக்கர்ல இருந்து தப்பிக்க டிரைவர் ஒரு சின்ன ஜாமரை மாட்டியிருந்தார். விமானத்தைக் கெடுக்கணும்னு அவருக்கு எண்ணமே இல்ல. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2013-ல அவருக்கு அறிவிச்ச அபராதம் 31,875 டாலர். நம்ம நாட்டுலயும் அரசோட தனி அனுமதி இல்லாம ஜி.பி.எஸ் பிளாக்கர் வச்சிருக்குறது சட்டவிரோதம். 2022-ல தொலைத்தொடர்புத் துறை இதை மறுபடி அறிவுறுத்துச்சு.

ஆக, மாமா ஆபீஸ்காரங்க சந்தேகப்பட்டதுல நியாயமே இல்லைன்னு சொல்ல முடியாது. டிரைவர்கள் அப்படிச் செஞ்சிருக்காங்க. கேள்வி என்னன்னா, அன்னிக்கு நடந்தது அதுதானா?

3. சிமுலேஷன்ல என்னென்ன இருக்கும்?

இந்த மாதிரி சாஃப்ட்வேர் எதை எடுத்தாலும் உள்ளே ஒரே அஞ்சு படிதான்.

முதல் படி, சேட்டிலைட் எங்கே இருக்கு. தேதி, நேரம், இடம் கொடுத்தா, சுற்றுப்பாதைத் தகவலை வச்சு எந்தெந்த சேட்டிலைட் தலைக்கு மேல தெரியும்னு கணக்குப் போடும். ரெண்டாவது, ஒவ்வொண்ணுல இருந்தும் எவ்வளவு பவர் வந்து சேரும். மூணாவது, இடைஞ்சல் எங்கே, எவ்வளவு, எப்போ. அதுல இருந்து மேல பார்த்த சூத்திரப்படி புது சி பை என்-நாட். நாலாவது, ரிசீவர் அந்த சிக்னலைப் பிடிச்சு வச்சிருக்கா, இருந்தா தூர அளவுல பிழை எவ்வளவு. அஞ்சாவது, மிச்சமிருக்குற சேட்டிலைட்டுகளை வச்சு இடம் கிடைக்குதா, எவ்வளவு பிழையோட.

இதைப் பைத்தான்ல நீங்களே எழுதலாம். இன்னும் ஆழமாப் போகணும்னா, ஜி.பி.எஸ்-எஸ்.டி.ஆர்-சிம் என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் நிஜ சிக்னல் மாதிரியே ஒரு ஃபைலைத் தயாரிச்சுத் தரும். நாய்ஸையும் இடைஞ்சலையும் பைத்தான்ல அதோட கூட்டி, ஜி.என்.எஸ்.எஸ்-எஸ்.டி.ஆர் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் ரிசீவர்ல ஓட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லாம் ஃபைலுக்குள்ளயே நடக்கணும். அந்த ஃபைலை ஆன்டெனா வழியா காத்துல விட்டீங்கன்னா அது புராஜெக்ட் இல்ல, குற்றம். லேப்கள்ல நிஜ ரிசீவரை சோதிக்கிறவங்க கேபிள் வழியாத்தான் சிக்னலைக் கொடுப்பாங்க, இல்லைன்னா சிக்னல் வெளியே கசியாத மூடின அறைக்குள்ள.

4. நான் பண்ண தப்பு

நான் வச்ச டெஸ்ட் இது. ஒரு வண்டி, 60 நிமிஷப் பயணம். நடுவுல 20 நிமிஷம் இடைஞ்சல். ஒவ்வொரு செகண்டும் சேட்டிலைட் தூர அளவுல நாய்ஸால வர்ற பிழையைக் கணக்குப் போட்டு, கடைசியில சராசரி.

என் ரிசீவர் செட்டிங்குக்கு, 45 டெசிபெல்-ஹெர்ட்ஸ்ல பிழை சுமார் 0.8 மீட்டர். 30-ல சுமார் 7 மீட்டர். 20-ல பிடியே போயிடும், அளவே வராது.

முதல்ல ஜே பை எஸ் 30 டெசிபெல் வச்சு ஓட்டினேன். 40 நிமிஷம் 0.8 மீட்டர், 20 நிமிஷம் 7 மீட்டர். சராசரி 2.9 மீட்டர். அப்புறம் இடைஞ்சலை 10 மடங்கு கூட்டி, 40 டெசிபெல் வச்சு ஓட்டினேன். சராசரி 0.8 மீட்டர்!

இடைஞ்சல் பலமானா ரிசீவர் நல்லா வேலை செய்யுதாம். செகண்ட் ரிவ்யூவுல இந்த கிராஃபை நான் பெருமையாக் காட்டினேன். கைடு மேம் ரெண்டு நிமிஷம் பேசாமப் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "சரிப்பா, அந்த 20 நிமிஷம் எங்கே?"

என்கிட்ட பதில் இல்ல. காரணம் சின்னது. பிடி போன நேரத்துல என் டேபிள்ல காலி வரிகள். பாண்டாஸ் சராசரி எடுக்கும்போது காலி வரிகளைச் சத்தமில்லாம விட்டுடும். மிச்சமிருந்த நல்ல 40 நிமிஷத்துக்கு மட்டும் சராசரி போட்டு, 0.8-ன்னு சொல்லிடுச்சு. பரீட்சைக்கு வராத பசங்களை எடுத்துட்டு, வந்தவங்களை வச்சு மட்டும் பாஸ் பர்சன்டேஜ் போட்ட மாதிரி.

வீட்டுக்கு வர்ற பஸ்ல உக்காந்திருக்கும்போதுதான் தோணுச்சு. டிராக்கர் மேப் வரைஞ்ச அந்த நேர்கோடும் இதே வேலைதானே! காலி வரிகளைத் தூக்கிப் போட்டுட்டு, ரெண்டு பக்கமும் இருந்த புள்ளியை இணைச்சு, நடுவுல எல்லாம் தெரியும்ங்கிற மாதிரி ஒரு கோடு. நான் கோட்ல பண்ணதை அந்த சாஃப்ட்வேர் மேப்ல பண்ணுச்சு. எனக்கு மார்க் போச்சு, மாமாவுக்கு பேட்டா போச்சு.

5. நாலு பெட்டி

அதுக்கப்புறம் ரிசல்ட்டை நான் சராசரியாத் தர்றதை விட்டுட்டேன். ஒவ்வொரு செகண்டையும் நாலு பெட்டியில ஒண்ணுல போடுறேன்.

- இடம் சொல்லுது, சரியாச் சொல்லுது.
- இடம் சொல்லுது, தப்பு; ஆனா 'நம்பாதே'ன்னு எச்சரிக்கையும் தருது.
- இடம் சொல்லல.
- இடம் சொல்லுது, தப்பு, எச்சரிக்கையும் இல்ல.

நாலுலயும் மோசம் எது? கடைசிதான். விமானத்துறையில நேவிகேஷனை அளக்க துல்லியம், நம்பகம், தொடர்ச்சி, கிடைப்பு என்று நாலு அளவுகோல் வச்சிருக்காங்க. அதுல நம்பகம் என்பது, தப்பா இருக்கும்போது உரிய நேரத்துல எச்சரிக்கை வருதாங்கிறதுதான்.

ஜாமிங் பெரும்பாலும் மூணாவது பெட்டியை நிரப்பும். அது வாயைப் பொத்துற வேலை. ஸ்பூஃபிங் நாலாவது பெட்டியை நிரப்பும். அது சேட்டிலைட் குரல்லயே பொய் சொல்ற வேலை. அளவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு ரிசீவர் தானே சரிபார்க்க ஒரு முறை இருக்கு. அதுக்குக் குறைஞ்சது அஞ்சு சேட்டிலைட் வேணும். ஆனா எல்லாப் பொய்யும் ஒரே கதையைச் சொன்னா அந்தச் சோதனையும் பாஸ் ஆயிடும். ஸ்பூஃபிங்ல சி பை என்-நாட் குறையணும்னுகூட அவசியம் இல்ல. அதனால ஸ்பூஃபிங்கை சிமுலேட் பண்றவங்க பிழையை மட்டும் பார்க்காம, 'எத்தனை செகண்ட் கழிச்சுக் கண்டுபிடிச்சுது'ன்னு அளக்கணும்.

இதெல்லாம் எங்கேயோ நடக்குறது இல்ல. 2023 நவம்பர்ல இருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் நம்ம எல்லைப் பகுதியில, முக்கியமா அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 ஜி.பி.எஸ் இடைஞ்சல் சம்பவங்கள் பதிவானதா நாடாளுமன்றத்துல அரசு சொல்லுச்சு. 2025 டிசம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களவையில தந்த பதில்ல, டெல்லி விமான நிலையத்துல 10-ஆம் ஓடுபாதைக்கு ஜி.பி.எஸ் முறையில இறங்க வந்த சில விமானங்கள் ஸ்பூஃபிங்கைச் சந்திச்சதா அமைச்சர் ஒப்புக்கிட்டார். மாற்று நடைமுறையில அவற்றைக் கையாண்டாங்க. தரையில இருக்குற பழைய வழிகாட்டிக் கருவிகள் இயங்கின மத்த ஓடுபாதைகள்ல பாதிப்பு இல்ல. இடைஞ்சல் பத்தின தகவல் வந்த விமான நிலையங்கள் பட்டியல்ல சென்னையும் இருக்கு.

'பழைய கருவி இருந்த இடத்துல பாதிப்பு இல்ல' என்பதைக் கவனிங்க. சிமுலேஷன்ல நாம சோதிக்க வேண்டிய இன்னொரு கேள்வி அது: முதல் வழி போனா ரெண்டாவது வழி இருக்கா? எங்க ஊர் மொட்டை மாடியில நின்னா, வானம் தெளிவா இருந்தா, ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏறுறது தெரியும். நம்ம நாவிக் சேட்டிலைட்டுகள் அங்கே இருந்துதான் போச்சு. முதல் சேட்டிலைட் 2013 ஜூலை 1. நாவிக்குக்கு எல்5 அலைவரிசை 1176.45 மெகாஹெர்ட்ஸ்ல, அது போக எஸ் பேண்டும் உண்டு. 1575-ல மட்டும் வர்ற இடைஞ்சல் 1176-ஐத் தொடாது. அதனால ரெண்டு அலைவரிசையைக் கேக்குற ரிசீவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனா சிமுலேஷன்ல திட்டத்துல சொன்ன ஏழு சேட்டிலைட்டையும் கண்ணை மூடிட்டுப் போட்டுடாதீங்க. 2025 ஜனவரி 29-ஆம் தேதி ஏவின என்.வி.எஸ்-02 போக வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரல. இன்னிக்கு நிஜமா வேலை செய்யுறதை மட்டும் எண்ணுங்க.

6. அந்த 40 நிமிஷம்

இப்போ மாமாவோட கேள்விக்கு வருவோம். மேப்ல ஒரே மாதிரி தெரியுற காலி இடத்துக்கு மூணு காரணம் இருக்கலாம்.

ஒண்ணு, ஒயரைப் பிடுங்கினது. அப்போ கருவியில பேட்டரி இல்லைன்னா எந்தத் தகவலுமே வராது.

ரெண்டு, தகரக் கூரை. சி பை என்-நாட் விழும். ஆனா எல்லா சேட்டிலைட்டுக்கும் ஒரே மாதிரி விழாது. ஷெட் எந்தப் பக்கம் திறந்திருக்கோ அந்தப் பக்கத்து சேட்டிலைட் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

மூணு, ஜாமிங். எல்லா சேட்டிலைட்டும் ஒண்ணா விழும். கூடவே இன்னொண்ணும் நடக்கும். ரிசீவருக்குள்ள வர்ற மொத்தச் சத்தத்துக்கு ஏத்த மாதிரி தானா வால்யூமை மாத்திக்கிற ஒரு பகுதி இருக்கு, ஏ.ஜி.சி. கூரைக்குக் கீழே போனா அது பெருசா அசையாது, ஏன்னா ஜி.பி.எஸ் சிக்னல் எப்பவுமே நாய்ஸுக்குக் கீழேதான், அது இருந்தாலும் இல்லாட்டாலும் மொத்தச் சத்தம் அதேதான். ஜாமர் வந்தா மொத்தச் சத்தம் ஏறும், ஏ.ஜி.சி. வால்யூமைக் குறைக்கும்.

என் சிமுலேஷன்ல மூணையும் ஓட்டிப் பார்த்தேன். மேப் மூணுக்கும் ஒண்ணுதான். ஆனா இந்த ரெண்டு எண்ணையும், அதாவது சி பை என்-நாட்டையும் ஏ.ஜி.சி-யையும், பக்கத்துல வச்சா ஒரே பார்வையில பிரிச்சுச் சொல்லிடலாம். ஆபீஸ்ல மாமாவுக்குக் காட்டின ரிப்போர்ட்ல அந்த ரெண்டுமே இல்ல. நேரமும் இடமும் மட்டும்தான். அதனால, அன்னிக்கு நடந்தது கூரைதான்னு என்னாலயும் நிரூபிக்க முடியல. அவர் பிடுங்கினார்னு அவங்களாலயும் நிரூபிக்க முடியாது. இருந்தும் பணம் ஒரு பக்கத்துல இருந்து மட்டும் போச்சு.

நீங்களே செஞ்சு பாருங்க

ஆண்ட்ராய்டு போன்ல ஜி.பி.எஸ் டெஸ்ட் என்ற இலவச ஆப்பைப் போட்டுக்கோங்க. ஒவ்வொரு சேட்டிலைட்டோட சி பை என்-நாட்டையும் அது காட்டும். முதல்ல மொட்டை மாடியில நின்னு எண்களைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் ஹாஸ்டல் பைக் ஸ்டாண்டு தகரக் கூரைக்குக் கீழே, கடைசியா வராண்டாவுல. எந்தப் பக்கத்து சேட்டிலைட் தாக்குப் பிடிக்குதுன்னு பாருங்க. கூகுளோட ஜி.என்.எஸ்.எஸ் லாகர் ஆப்ல, உங்க போன் ஒத்துழைச்சா, ஏ.ஜி.சி. எண்ணும் ஃபைல்ல பதிவாகும்.

நம்மள்ல நிறையப் பேர் நாளைக்கு வேலைக்குப் போய் இந்த மாதிரி டிராக்கருக்கு, டெலிவரி ஆப்புக்கு, ட்ரோனுக்கு கோட் எழுதப் போறோம். அப்போ காலி வரி வந்தா அதைக் காலியாவே காட்டுங்க. நேர்கோடு போடாதீங்க. முடிஞ்சா, ஏன் காலின்னு சொல்ற ரெண்டு எண்ணையும் கூடவே சேமிச்சு வைங்க.

மாமாவுக்கு அந்த பேட்டா திரும்ப வரல. ஆனா இப்போ ஷெட்டுக்குள்ள வண்டியை விடுறதுக்கு முன்னாடி, என் பேச்சைக் கேட்டு, போன்ல அந்த ஆப்பைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட், உள்ளே போனதும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிறார். போன வாரம் எனக்கு ஒண்ணு அனுப்பினார். எல்லாப் பட்டையும் கீழே கிடக்கு, கிழக்குப் பக்கம் ரெண்டு மட்டும் நிக்குது. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாப்ள, ஷெட்டு வாசல் கிழக்கதான் இருக்கு."